ஒற்றை நாற்காலி போட்ட ஹால்

பாப்பா,

இனிமேல் நான் ஸ்பீக்கர் வாங்கப் போவதில்லை. இதை நேரில் சொன்னால் நீ முதலில் சிரிப்பாய், பிறகு அம்மாவையும் கூப்பிட்டுச் சிரிக்க வைப்பாய், இரண்டு பேரும் சேர்ந்து "இது எத்தனாவது தடவைப்பா?" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, அடுத்தவர் சுற்றி வளைத்தாலும் கேட்கப் பொறுமை கிடையாது. அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். ஆளாளுக்கு உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: மாமியாரிடம் எப்படி இருக்க வேண்டும், மாப்பிள்ளை வேலை பார்க்கிற புனேவில் குளிருக்கு என்ன போட வேண்டும், முதல் மாதச் சம்பளத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று. அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நம் வீட்டு ஹால் மட்டும்தான். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். ஹாலில் தனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிற அப்பன் இந்த ஓசூரில் நான் ஒருவன் மட்டுமாக இருக்க மாட்டேன்.

இந்தக் கிறுக்கு எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னால், டிப்ளமோ முடித்த கையோடு சாமல்பட்டியில் ரயிலேறி வேலைக்கு வந்தவன், சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் நண்பர்களோடு தங்கியிருந்தேன். ஒரே அறை. ஷிஃப்ட் மாறி மாறிப் போவோம் என்பதால் எந்நேரமும் யாராவது இருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, எல்லாருடைய சட்டையும் லுங்கியும் யூனிஃபார்மும் வரிசையாகத் தொங்கும். மூலையில் சுருட்டி வைத்த மெத்தைகள். சிங்காரப்பேட்டைக்காரன் ஒருவன் ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு மண்பானை கொண்டு வந்தான், தண்ணீர் வைக்க. நான் அதைப் பிடுங்கி, பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு கார் ஸ்பீக்கரை அதன் வாயில் கவிழ்த்து வைத்து ஒட்டினேன். அப்போது பானை ஸ்பீக்கர் இல்லாத பேச்சிலர் அறையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஒருவன் காலில் ஒருவன் தலை வைத்துப் படுத்திருந்தபோது ஒரு பழைய பாட்டைப் போட்டேன். முதலில் வயலின்கள் மேலே ஏறும், அப்புறம் குரல் வரும். பாடுகிற அம்மா நம் பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. பாட்டு முடிந்ததும் சிங்காரப்பேட்டைக்காரன் சொன்னான்: "தண்ணி குடிக்கக் கொண்டாந்த பானைடா. கேடி, உன் கைக்கு வந்ததும் பாடுது பாரு."

பானைதான் பாடியது என்று நானும் நம்பினேன். எனக்குக் கல்யாணமாகி அறையைக் காலி செய்தபோது டெம்போவில் வைத்த பானை மத்திகிரி திருப்பத்தில் உருண்டு உடைந்தது. அன்றிலிருந்து அந்தச் சத்தத்தைத் தேட ஆரம்பித்தேன். நீ பிறந்தாய், நடந்தாய், பள்ளிக்கூடம் போனாய், காலேஜ் முடித்தாய். நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். கம்பெனியில் கியர்பாக்ஸ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, நல்லதா கெட்டதா என்று பிரிப்பது. மெஷின் அளந்து சொல்வதற்கு முன்னால் என் காது சொல்லிவிடும். கியரில் ஒரு பல் சரியாக உட்காராவிட்டால் பல்லுக்குள் மணல் கடித்த மாதிரி எனக்குக் கூசும். அந்தச் சோதனை அறையில் சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். உள்ளே போய்ப் பேசினால் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் காணாமல் போகும். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பஞ்சு. தினமும் எட்டு மணி நேரம் அதற்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன்தான் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள். இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனத்தின் அளவு உனக்குப் புரியாது.

பாகலூர் சாலையில் இந்த வீட்டைக் கட்டினபோது ஹாலுக்குத் தரையிலும் கிரானைட், சுவரிலும் கிரானைட் போட்டேன். உன் மாமா அப்போது பர்கூர் பக்கம் பாலிஷ் போடுகிற ஃபேக்டரியில் இருந்தான். வெட்டி மிஞ்சிய கருப்புப் பலகைகளாகப் பார்த்துப் பொறுக்கி லாரியில் ஏற்றி அனுப்பினான். "சொவுத்துக்கு எதுக்குங்க கல்லு? கோயிலா கட்டறீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தது. என் அப்பா நாகரசம்பட்டி மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர். நாங்கள் இருந்த வீட்டுச் சுவர் மண். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் செம்மண் ஒட்டும். பள்ளிக்கூடத்தில் என் சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தே பையன்கள் நான் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். சாய்ந்தால் சட்டையில் ஒட்டாத சுவர் வேண்டும் எனக்கு. முகம் தெரிகிற மாதிரி வழவழவென்று வேண்டும். வந்தது. முகமும் தெரிந்தது.

அந்த ஹாலில் கொண்டுபோய் ஸ்பீக்கரை வைத்தேன். பாட்டைப் போட்டால் வயலின் மேலே ஏறுகிற இடத்தில் காதில் ஊசி ஏறியது. பானையில் ஏறாத ஊசி. சரி, ஸ்பீக்கர் மட்டம் என்று விற்றேன். அடுத்தது வாங்கினேன், அதிலும் ஊசி. பெங்களூருக்குப் போய் பழசு வாங்கினேன், கோயம்புத்தூரில் ஒருவர் கையால் செய்ததை பஸ் டிக்கியில் போட்டுக் கொண்டுவந்தேன், நானே பலகை அறுத்துப் பெட்டி செய்தேன். ஊசி போகவில்லை. ஒவ்வொரு தடவையும் பெட்டியைத்தான் திட்டினேன். ஒருநாள் உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க கம்பெனி ரூம்ல சொவுரு பூரா மெத்தை ஒட்டியிருக்குன்னு சொல்வீங்களே. இங்கயும் ரெண்டு பெட்சீட்டைத் தொங்க விட்டா என்னா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கிரானைட் போட்டுட்டு எவனாவது பெட்சீட் போட்டு மூடுவானா?" என்றேன். விஷயம் தெரியாமல் சொன்ன பதில் இல்லை அது. படித்தவன், அதையே தொழிலாகச் செய்கிறவன், எல்லாம் தெரிந்தேதான் சொன்னேன். நல்ல ஸ்பீக்கராக இருந்தால் சுவரையும் மீறிப் பாடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சுவரை மூட எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், தரையில் டேப் ஒட்டி அளந்து போட்டது. அதில் உட்கார்ந்தால்தான் சத்தம் சரியாக விழும் என்பதால் ஹாலில் வேறு நாற்காலியே இல்லை. சோபா வந்தால் சத்தம் கலையும். டிவியைப் படுக்கையறைக்குத் தள்ளினேன். நான் கேட்கும்போது யாரும் ஹாலைத் தாண்டிப் போகக் கூடாது. உன் சிநேகிதிகள் பின்பக்கம் வழியாக வந்து சமையலறையில் உட்கார்ந்து படிப்பார்கள். அங்கே கேட்கிற சிரிப்புச் சத்தத்துக்கு நான் இங்கிருந்து "உஷ்" என்பேன்.

நீ சின்னவளாக இருந்தபோது நடந்த ஒன்று இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. ஒரு அறையின் சத்தத்தைச் சோதிக்கச் சுலபமான வழி, நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுவது. மோசமான அறையாக இருந்தால் தட்டின சத்தத்துக்குப் பின்னால் ஒரு வால் நீளும், பித்தளைத் தட்டைச் சுண்டினால் வருமே, அது மாதிரி. நான் ஸ்பீக்கரை நகர்த்தி வைத்துவிட்டுக் கைதட்டுவேன். அப்பா கூப்பிடுகிறார் என்று நினைத்து நீ உள்ளேயிருந்து குடுகுடுவென்று ஓடி வருவாய். நடக்கவே அப்போதுதான் பழகியிருந்தாய். "உன்னைக் கூப்பிடலடா கண்ணு, உள்ள போ" என்று திருப்பி அனுப்புவேன். மறுபடி தட்டுவேன், மறுபடி வருவாய். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டாய். எனக்கும் வசதியாகப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் நீ கம்பளி நூலில் பின்னிக்கொண்டு வந்த சுவர்த் தொங்கலும் ஞாபகம் இருக்கிறது. மயில் என்று சொன்னாய். எனக்கு அது சேவல் மாதிரித் தெரிந்தது, அதையும் சொல்லித் தொலைத்தேன். ஹாலில் மாட்ட வேண்டும் என்று கேட்டாய். கிரானைட்டில் ஆணி அடித்தால் விரிசல் விடும் என்று மறுத்துவிட்டேன். நீ அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாய்.

இப்போது உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், நம்மைப் போலவே பிழைப்புக்கு ஓசூர் வந்தவர்கள். மண்டபம் எதற்கு, பெண் வீட்டிலேயே எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள். அன்று சாயங்காலம் நீ ஹால் வாசற்படியில் வந்து நின்றாய். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்று பேசுவது உனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"அப்பா, அந்த ஒரு நாளைக்கு ஹாலைக் குடுப்பா. ஸ்பீக்கரை ரூம்ல தூக்கி வெச்சிடலாம்."

"முடியாது பாப்பா. பெங்களூர்ல ஒரு ஜோடி பேசி வெச்சிருக்கேன். அதுக்குத்தான் அளந்து டேப் ஒட்டியிருக்கேன். தெருவுல பந்தல் போட்டுக்கலாம், காத்தோட்டமா இருக்கும்."

"சரிப்பா."

"கோவமா?"

"கோவம்லாம் இல்லப்பா. நான் எப்ப ஹால்ல இருந்திருக்கேன், புதுசா இன்னிக்குக் கோவப்பட?" என்று சாதாரணமாகத்தான் சொன்னாய். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய்: "ஆடிக்கு எங்கள அழைச்சிட்டு வந்தீங்கன்னா ரெண்டு நாள் போதும்ப்பா. அவர் சத்தமாப் பேசுவாரு. உனக்குத் தொந்தரவு."

கம்பெனியில் ஒரு கெட்ட கியர்பாக்ஸை ஒதுக்கி வைக்கும்போது அதன் மேல் சிவப்பு அட்டை கட்டுவோம். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிச் சண்டை போட மாட்டார்கள், சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நீ என் வீட்டுக்கு அப்படி ஓர் அட்டை கட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இருந்தும் நான் ஹாலைக் கொடுக்கவில்லை.

அன்று தெருவில் பந்தல். ஹால் ஜன்னல்களைத் திறந்து வைத்து, என் செட்டிலேயே பாட்டுப் போட்டேன், தெருவுக்குக் கேட்கட்டும் என்று. நான் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். ஹால் வாசலை மறித்து என் நாற்காலியைப் போட்டிருந்தேன். தட்டுகளை வரிசையாக எடுத்து வைக்கும் நேரத்தில் சித்திரை மழை வந்தது. தூறல் போட்டு யோசிக்கவெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில் காற்றோடு அடித்தது. பந்தல் துணி தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டது. உன் மாமா கத்தினான்: "பாவா! இங்க நின்னு என்னா பாத்துட்டு இருக்கற? கதவு தியி, தியி!" கதவைத் திறக்கச் சொன்னான்; அவனுக்குப் பதற்றம் வந்தால் பாதி தெலுங்குதான். நான் நகர்வதற்குள் நாற்காலியை யாரோ தூக்கி எங்கேயோ போட்டார்கள். மொத்தக் கூட்டமும் ஹாலுக்குள் வந்துவிட்டது. ஈரப் பட்டுப்புடவைகள், ஜமுக்காளச் சுருள்கள், குழந்தைகள், சீர்த் தட்டுகள், பழக்கூடை. என் டேப் அடையாளத்தின் மேல் யாரோ வெற்றிலைத் தட்டை வைத்தார்கள். ஒரு ஸ்பீக்கரின் மேல் பூக்கூடை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா இன்னொன்றில் சாய்ந்து நின்று முந்தானையைப் பிழிந்தார். "பாத்து, பாத்து" என்று நான் கத்தினது யார் காதிலும் விழவில்லை.

சம்பந்தி மட்டும் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சம்பந்தி இப்படி முழிக்கிய? மழை வந்தது நல்லதுக்குத்தான். வெளியே ஆளுக்கொரு மூலையில கெடந்தோம். இப்ப எல்லாரும் ஒண்ணா உக்காந்தாச்சுல்லா?" என்று என் தோளைத் தட்டிவிட்டு, அந்தக் கிரானைட் சுவரில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. தட்டு மாற்றினார்கள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் மோதிரம் எடுத்துக் கொடுத்தார்கள். நீ போட்டுவிட்டாய், எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் வந்த இடத்திலேயே நின்றது. வால் இல்லை.

நான் தப்பாகக் கேட்டேனோ என்று நினைத்தேன். மாப்பிள்ளை மோதிரம் போட்டார், மறுபடி தட்டினார்கள். மறுபடியும் வால் இல்லை. பட்டும் பருத்தியும் ஜமுக்காளமும் இத்தனை உடம்பும் சேர்ந்து சுவரையும் தரையையும் மூடிவிட்டிருந்தன. அந்தப் பேச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவில், அந்தப் பழைய பாட்டு வந்தது. என் பாட்டு வரிசையில் அது எப்போதும் இருக்கும். வயலின்கள் ஏறின. ஊசியை எதிர்பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டேன், பழக்கதோஷம். ஊசி வரவில்லை. குரல் வந்தது. பாடுகிற அம்மா சம்பந்திக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் பெட்டி பெட்டியாகத் தேடின சத்தம், நான் மட்டம் என்று முடிவு கட்டி விற்கப் பேசியிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. லைன் வீட்டில் கயிற்றில் தொங்கின லுங்கிகளும், காலில் தலை வைத்துப் படுத்திருந்த பயல்களும் கண்ணில் வந்தார்கள். பானை ஒன்றும் பாடவில்லை பாப்பா.

உன் மாமா முழங்கையால் இடித்தான். "ஏமி பாவா, பொண்ணு போறான்னு இப்பவே கண்ணு கலங்கிட்டியா?" ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போதைக்குப் பொய். இரண்டு நிமிஷம் கழித்து உண்மையாகிவிட்டது. நீ ஹாலின் நடுவில், சரியாக அந்த நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில், உட்கார்ந்திருந்தாய். இந்த வீட்டில் நீ அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் எல்லாரும் போனார்கள். நீயும் சிநேகிதிகளை பஸ் ஏற்றிவிடப் போனாய். நான் ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினேன். வால் திரும்பி வந்திருந்தது, வழக்கத்தைவிட நீளமாகக்கூட. பாட்டைப் போட்டேன், ஊசி. அணைத்துவிட்டேன். ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்த உன் அம்மா என்னைப் பார்த்தாள்.

"என்னா, மறுபடியும் சரியில்லையா?"

"சரியில்ல."

"இப்ப எந்த ஊருக்குப் போவணும் ஸ்பீக்கருக்கு?"

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. ஆளுங்கதான் வேணும்."

"அதுக்குக் கடை எங்க இருக்குதாம்?" என்று கேட்டுவிட்டு ஜமுக்காளத்தின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். மடிக்கத்தான் நீட்டினாள். நான் அதை மறுபடி தரையில் விரித்தேன். "ஈரம் காயட்டும்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தன் பக்கத்து முனையையும் இழுத்து விரித்துவிட்டாள். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது, நீயும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

மறுநாள் பெங்களூர்க்காரருக்கு போன் செய்து வரவில்லை என்றேன். "சார், இந்த மாதிரி பீஸ் மறுபடி சிக்காது சார்" என்றார். சிக்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அவருக்கு விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கில்லை.

உனக்குச் சொல்ல நினைத்தது இதுதான். புனேவில் நீங்கள் பார்த்திருக்கும் வீடு சின்னது என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். சின்னதாகவே இருக்கட்டும். துணியைக் கயிற்றில் காயப் போடுங்கள். யாராவது வந்தால் பாயை விரியுங்கள். உனக்கோ அவருக்கோ ஏதாவது ஒன்றில் கிறுக்குப் பிடிக்கும், பிடிக்காமல் இருக்காது. பிடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதற்காக நடு ஹாலில் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு, மற்றவரை வாசற்படியில் நிற்க வைக்காதீர்கள். வாசற்படியில் நிற்கிறவர் கொஞ்ச நாளில் அங்கேயிருந்தும் போய்விடுவார், சத்தமே இல்லாமல். உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

நேற்று நீ புடவை வாங்கக் கிருஷ்ணகிரி போயிருந்தபோது கம்பெனி மெயின்டனன்ஸில் டிரில் மெஷினை இரவல் வாங்கி வந்தேன். ஹாலில் வடக்குச் சுவரில் ஒரு துளை போட்டேன். கிரானைட் விரிசல் விடவில்லை. சரியான பிட் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக இறக்கினால் விடாது. அது எனக்கு அன்றைக்கே தெரிந்த விஷயம்தான். கொக்கியும் பொருத்திவிட்டேன். உன் மயில் இன்னும் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, தாளிப்புப் புகையில் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. அதை நான் எடுத்து மாட்டவில்லை. ஆடிக்கு வாருங்கள். இரண்டு நாள் போதாது. சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வா. மாப்பிள்ளை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசட்டும். மயிலை நீயே உன் கையால் மாட்டு. நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று கேள். சேவல் என்று நான் சொன்னால் சண்டை போடு. மாட்டி முடித்ததும் நடு ஹாலில் நின்று ஒரு தடவை கைதட்டு. இந்தத் தடவை நான் ஓடி வருகிறேன்.

அப்பா